எல்லோரும் கையெழுத்துப் போட்டாச்சு, நீங்க மட்டும்தான் பாக்கி!
வக்கீலம்மா பதில்கள்

தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விவகாரம். பழைய அபார்ட்மென்ட், அதில் ஒவ்வொரு வீடாக வாங்கிச் சேர்க்கும் ஒரு பார்ட்டி, கடைசியில் மிஞ்சி நிற்கும் நாலைந்து குடும்பங்களிடம் "கொடுத்துட்டுப் போங்க" என்று நெருக்கல். அதனால் ஜீவனாம்சம், செக் பவுன்ஸ் எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எந்த ஊரில் குடியிருக்கிறீர்கள் என்பது இதில் கணக்கே இல்லை, கட்டடம் எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அந்த மாநிலச் சட்டம்தான். வேலை கோயம்புத்தூரில், வீடு பாலக்காட்டில், அப்பா வாங்கிப் போட்டது சென்னையில் என்று சிதறிக் கிடக்கிற நம்மவர்கள் இதில்தான் அதிகம் குழம்புகிறார்கள்.

கேள்வி: வக்கீலம்மாவுக்கு வணக்கம். 1996-ல் ரயில்வே பி.எஃப். பணத்தைப் போட்டு ஒலவக்கோடு பக்கத்தில் ஃப்ளாட் வாங்கினேன். நாலு மாடி, 24 வீடு, மொத்தம் 40 சென்ட் இடம். பாதிப் பேர் வளைகுடாவில் இருந்துகொண்டு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு கம்பெனி அவர்களிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கி இப்போது 15 வீடு அவர்கள் கையில். முதலில் விற்றவருக்கு 26 லட்சம் கொடுத்தார்களாம், எனக்கு 38 வரை சொல்லிவிட்டார்கள். அசோசியேஷன் கமிட்டியிலும் அவர்கள் ஆட்கள்தான். லிஃப்ட் நின்று மாதக்கணக்காகிறது, கேட்டால் பணம் இல்லை என்கிறார்கள். நான் மூன்றாம் மாடி, என் வீட்டுக்காரிக்கு மூட்டுவலி. "90 சதவீதம் பேர் சம்மதித்தால் போதும் சார், மீதிப் பேரை கோர்ட்டே எழுதிக்கொடுக்க வைத்துவிடும்" என்கிறார் புரோக்கர். நிஜமா?
— ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், பாலக்காடு

பதில்: நிஜமில்லை சார். முதலில் அவருக்குக் கணக்கே வரவில்லை. 15-ஐ 24-ஆல் வகுத்தால் 62.5 சதவீதம், தொண்ணூறு எங்கிருந்து வந்தது? எனக்குத் தெரிந்து அந்த எண் சிங்கப்பூருடையது. அங்கே மொத்தக் கட்டடத்தையும் விற்க, கட்டடத்துக்கு 10 வயது ஆகவில்லை என்றால் 90 சதவீதமும், 10 வயது தாண்டிவிட்டால் 80 சதவீதமும் சம்மதம் வேண்டும், அதையும் பங்கு மதிப்பு, பரப்பளவு இரண்டிலும் பார்ப்பார்கள், எதிர்ப்பவர்களின் புகாரைக் கேட்க தனி வாரியம் இருக்கிறது. யாரோ வாட்ஸப்பில் அனுப்பியதை நம்ம ஊர் புரோக்கர் பாலக்காட்டுக்கு இறக்குமதி செய்துவிட்டார்.

கேரளத்தில் இருப்பது 1983-ம் ஆண்டு அபார்ட்மென்ட் உரிமைச் சட்டம். உங்கள் ஃப்ளாட் உங்களுக்கு மட்டுமே உரியது, அதோடு சேர்ந்த பொதுப் பகுதியிலும் நிலத்திலும் உங்களுக்கு ஒரு பிரிபடாத பங்கு, அந்தப் பங்கின் சதவீதத்தை எல்லா உரிமையாளர்களும் சம்மதிக்காமல் மாற்ற முடியாது என்கிறது அது. கட்டடத்தையே அந்தச் சட்டத்தின் பிடியிலிருந்து வெளியே எடுப்பதென்றால் அதற்கும் எல்லா உரிமையாளர்களும் கையெழுத்திட வேண்டும், கடன் கொடுத்த வங்கி ஏதாவது இருந்தால் அதன் சம்மதமும் வேண்டும். பெரும்பான்மை என்ற பேச்சே அங்கே கிடையாது.

ஆனால் ஒரு சங்கதி இருக்கிறது. இந்தச் சட்டம் தானாக எல்லாக் கட்டடத்துக்கும் ஒட்டிக்கொள்வதில்லை. உரிமையாளர்கள் எங்கள் கட்டடத்தை இந்தச் சட்டத்தின் கீழ் கொண்டுவருகிறோம் என்று ஒரு டிக்ளரேஷன் எழுதி சப் ரிஜிஸ்தரார் ஆபீசில் பதிந்திருந்தால்தான். உங்கள் காலத்து பில்டர்கள் பலர் அந்த வேலையைச் செய்யாமலேயே சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். டிக்ளரேஷன் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றாலும் பயப்பட ஒன்றுமில்லை, அப்போது உங்கள் ஆதாரம், அதாவது கிரயப் பத்திரம்தான் பேசும். அதில் உங்கள் பேரில் இத்தனை சென்ட் பங்கு என்று எழுதியிருக்கிறது இல்லையா, அதை நீங்கள் எழுதிக்கொடுக்காமல் வேறு யாரும் எழுதிக்கொடுக்க முடியாது. சொத்துரிமை 1978-ல் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து போய்விட்டது, சரி, ஆனால் அரசியல் சட்டத்தின் 300ஏ பிரிவு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவருடைய சொத்தைப் பறிக்க முடியாது. ரோட்டுக்கோ ரயிலுக்கோ அரசு நிலம் எடுக்கலாம், அதற்கு நோட்டீஸ், விசாரணை, நஷ்டஈடு எல்லாம் உண்டு. ஒரு தனியார் கம்பெனி லாபத்துக்கு அடுக்குமாடி கட்டுவது அந்தக் கணக்கில் வராது.

அசோசியேஷன் தீர்மானம் போட்டுவிட்டதே என்பார்கள். போடட்டும். மெயின்டனன்ஸ் எவ்வளவு, செக்யூரிட்டி யார், பெயிண்ட் எப்போது அடிப்பது, இதெல்லாம் அவர்கள் தீர்மானிக்கலாம். உங்கள் வீட்டை விற்கத் தீர்மானம் போடுவது, நான்கு பேர் கூடி என் சங்கிலியை அடகு வைக்க முடிவெடுப்பது மாதிரி.

இனி கவலைப்பட வேண்டியதைச் சொல்கிறேன். இந்த மாதிரி பார்ட்டிகள் சட்டத்தால் ஜெயிப்பது அபூர்வம், அலுக்க வைத்துத்தான் ஜெயிப்பார்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது 90 சதவீதம் அல்ல, அந்த லிஃப்ட். 15 வீட்டை வைத்திருப்பவர் அந்த 15 வீட்டுக்கும் மெயின்டனன்ஸ் கட்டுகிறாரா? கட்டவில்லை என்றால் லிஃப்டுக்குப் பணம் எப்படி இருக்கும்? நான் பார்த்த ஒரு கட்டடத்தில் இதே கதைதான், முதலில் லிஃப்ட், அப்புறம் மோட்டார் காயில் எரிந்து போய் வாரக்கணக்கில் டேங்கர் தண்ணி, அப்புறம் மாடிப்படி லைட். காலியாகக் கிடந்த வீடுகளின் ஜன்னலை வேண்டுமென்றே திறந்து போட்டுப் புறா கூடு கட்டவிட்டார்கள், கீழ் வீட்டம்மா துணி காயப்போட முடியாமல் போனதுதான் மிச்சம். ஒவ்வொன்றும் சின்ன விஷயம், போலீஸில் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் எழுபது வயதில் தினமும் மூன்று மாடி ஏறுகிறவர் எத்தனை நாள் தாங்குவார்?

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இது. உங்கள் மெயின்டனன்ஸை ஒரு மாதம் கூட விடாதீர்கள், ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், பேங்க் வழியாக அனுப்புங்கள். பாக்கிக்காரர் என்ற பெயர் உங்களுக்கு வந்தால் கோர்ட்டில் உங்கள் பேச்சு எடுபடாது. அப்புறம் அசோசியேஷனுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம், எந்தெந்த ஃப்ளாட் எவ்வளவு பாக்கி, கடைசி ஆடிட் கணக்கு எங்கே என்று. டிக்ளரேஷன் பதிந்த கட்டடம் என்றால், பொதுச் செலவுக்குக் கட்டாமல் விட்ட பாக்கி அந்தந்த ஃப்ளாட்டின் மேலேயே பாரமாக ஏறும் என்பதுதான் சட்டத்தின் ஏற்பாடு. கம்பெனிக்காரர் அதை மறந்திருந்தால் ஞாபகப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் முன்சிப் கோர்ட்டில் லிஃப்டை ஓட வைக்க உத்தரவு கேட்கலாம், தண்ணீரையோ வழியையோ மறித்தால் உடனே தடையுத்தரவு கேட்கலாம். உங்கள் வீட்டு கரண்ட் இணைப்பு உங்களுக்கும் மின்வாரியத்துக்கும் இடையிலானது, அதில் கமிட்டி கை வைக்க முடியாது.

இன்னொரு வழியும் அவர்கள் வைத்திருப்பார்கள், கட்டடம் ஆபத்தானது என்று நகராட்சியில் மனு போடுவது. ஆபத்தான கட்டடத்தைக் காலி செய்ய, இடிக்க உத்தரவிடும் அதிகாரம் செயலாளருக்கு உண்டு. அவர்கள் கொண்டுவரும் இன்ஜினியர் ரிப்போர்ட்டை மட்டும் நம்பி அவர் முடிவெடுத்துவிடாமல் இருக்க, மிச்சமிருக்கும் ஒன்பது வீட்டுக்காரர்களும் சேர்ந்து இப்போதே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்து சொந்தமாக ரிப்போர்ட் வாங்கி வையுங்கள். நிஜமாகவே பில்லரில் கம்பி துருப்பிடித்துப் பிதுங்கி நிற்கிறது என்றால் அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்தானே.

கட்டடம் போய்விட்டால் என்ன மிஞ்சும் என்று மரடில் பார்த்தோம். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நாலு குடியிருப்புகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. அது கடற்கரை விதிமீறல் வழக்கு, உங்கள் கதை வேறு. ஆனால் சுவரும் கூரையும் தூளான பிறகும் நிலத்தில் இருந்த பங்கு ஆதாரத்தில் அப்படியே இருந்தது. உங்கள் விஷயத்தில் அந்த நிலை வந்தால் ஆபத்து வேறு வடிவில் வரும். வெறும் நிலமாகிவிட்டால் எல்லோரும் கூட்டு உரிமையாளர்கள், யார் வேண்டுமானாலும் பாகப்பிரிவினை கேட்கலாம். 40 சென்ட்டை 24 துண்டாக வெட்டினால் யாருக்கும் பிரயோசனமில்லை. அப்போது 1893-ம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டப்படி, பாதிக்குக் குறையாத பங்கு வைத்திருப்பவர் கேட்டுக்கொண்டால் கோர்ட் மொத்தமாக விற்று பணத்தைப் பிரித்துக் கொடுக்க உத்தரவிடலாம். அந்தக் கம்பெனியிடம் பாதிக்கு மேல் இருக்கிறது, கவனித்தீர்களா? அதே சட்டம் மற்றவர்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறது, விற்கச் சொல்கிறவரின் பங்கை மதிப்புப் போட்டு நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று கேட்கலாம். ஒன்பது குடும்பத்திடம் அவ்வளவு பணம் இருக்குமா என்பது வேறு கேள்வி. அதனால்தான் சொல்கிறேன், கட்டடம் நிற்கிற வரை உங்கள் கை ஓங்கியிருக்கிறது, அதை நிற்க விடுங்கள்.

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூட்டுவலியோடு மூன்றாம் மாடியில் காலம் தள்ளுவதைவிட தரைத்தள வீட்டுக்குப் போவது நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் அந்த 38 லட்சம் எதற்கான விலை என்று பாருங்கள். அவர் உங்கள் பழைய டைல்ஸையும் பாத்ரூமையும் வாங்கவில்லை, நிலத்தை வாங்குகிறார். 40 சென்ட்டில் உங்கள் பங்கு சமமாக இருந்தால் ஒன்றே முக்கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே சென்ட் என்ன விலை போகிறது, இப்போதைய விதிப்படி அந்த இடத்தில் எத்தனை சதுரடி எழுப்பலாம், உங்கள் நாலு மாடி அதில் எவ்வளவைத்தான் தின்றிருக்கிறது, இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு பேசுங்கள். எழும்பாத மாடிகளில்தான் அவருடைய லாபம் இருக்கிறது. அதோடு கேரளத்தில் மாற்று வீடு வாங்கினால் முத்திரைத்தாள் 8 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், பத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும், அதையும் விலையில் சேர்த்துக் கேளுங்கள். 26-ல் தொடங்கி 38 வரை வந்தவர் 38-லேயே நிற்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. தனித்தனியாகப் பேசாதீர்கள், ஒன்பது பேருக்கும் ஒரே வக்கீல், ஒரே விலை. ஒருவர் ரகசியமாகப் போய்க் கையெழுத்துப் போட்டால் மற்ற எட்டுப் பேரின் விலையும் அன்றைக்கே இறங்கும்.

கேள்வி: எங்கள் அப்பா 1984-ல் சென்னையில் வாங்கிய ஃப்ளாட் இருக்கிறது. அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அம்மாவும் இல்லை. நாங்கள் இரண்டு அண்ணன்கள், நான். 18 வீட்டில் 13 பேர் இடித்துக் கட்டச் சம்மதித்துவிட்டார்களாம். அண்ணன்கள் என்னைக் கேட்காமலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். "கல்யாணமாகி ஆந்திராவுக்குப் போனவளுக்கு இதில் என்ன" என்று பெரியண்ணி சொன்னாராம். எனக்கு உரிமை இல்லையா அக்கா?
— இல்லத்தரசி, சித்தூர்

பதில்: கவரில் வெறும் சித்தூர் என்று இருந்தது. எங்கள் பாலக்காட்டுச் சித்தூரா, ஆந்திரச் சித்தூரா என்று பின்கோடைப் பார்த்தேன், 517. நல்ல வேளை, உங்கள் கேள்விக்கு இரண்டும் பொருட்டில்லை, வீடு சென்னையில்.

பெரியண்ணிக்கு இதைக் காட்டுங்கள். அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய சொத்து, உயில் இல்லை, நீங்கள் இந்துக் குடும்பம் என்றால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு, கல்யாணம் ஆனதா இல்லையா, எந்த ஊருக்குப் போனாள் என்றெல்லாம் சட்டம் கேட்பதில்லை. மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது. அண்ணன்கள் தங்கள் பங்குக்குக் கையெழுத்துப் போடலாம், உங்கள் பங்குக்குப் போட முடியாது. நீங்கள் பவர் கொடுத்திருந்தால் ஒழிய. கொடுத்திருக்கிறீர்களா? அப்பா இறந்த சமயத்தில் ஏதாவது பேப்பரில் கையெழுத்து வாங்கினார்களா என்று யோசித்துப் பாருங்கள், பல வீடுகளில் அழுதுகொண்டிருக்கும்போது நீட்டிய காகிதம் பத்து வருடம் கழித்து விடுதலைப் பத்திரமாக வந்து நிற்கிறது.

இனி அந்தப் 13 பேர். இங்கே நான் பாலக்காட்டுக்காரருக்குச் சொன்னது பொருந்தாது. தமிழ்நாட்டில் பழைய 1994-ம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு 2022-ல் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள், 2024 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். 18-ல் மூன்றில் இரண்டு 12. 13 வந்துவிட்டது. ஆகவே "நான் ஒருத்தி சம்மதிக்கவில்லை, எல்லாம் நிற்கட்டும்" என்பது அங்கே முன்பு போல எடுபடாது. ஒருத்தர் மறுத்ததால் ஒழுகுகிற கூரைக்கடியில் இருபது வருடம் கிடந்த குடும்பங்கள் சென்னையில் ஏராளம், அதனால் இந்த மாற்றம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சட்டம் பேசுவது மறுகட்டுமானம், அதாவது இடித்துக் கட்டி உங்களுக்கும் ஒரு வீடு. உங்கள் பங்கை விலை வைத்து வெளியே தள்ளுவது அல்ல. "பணத்தை வாங்கிக்கிட்டுப் போங்க, இதுதான் சட்டம்" என்று பில்டர் சொன்னால் எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள்.

முதல் வேலை வாரிசுச் சான்றிதழ், அதை வைத்து அசோசியேஷனுக்கும் பில்டருக்கும் ஒரு நோட்டீஸ், மூன்று வாரிசுகளில் நான் ஒருத்தி, என் கையெழுத்து இல்லாமல் இந்த ஃப்ளாட்டுக்கு எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று. ஒரு நல்ல பில்டர் இதைப் பார்த்ததுமே அண்ணன்களிடம் போய் "முதலில் தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்க" என்பார், ஏனென்றால் பிறகு அவருடைய புது ஃப்ளாட்டுகளுக்கு வங்கி லோன் கொடுக்காது. ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டதாக இருக்கட்டும். புது வீட்டின் சதுரடி, கட்டி முடிக்கும் வரை வாடகை யார் தருவது, பாதியில் ஓடிவிட்டால் என்ன செக்யூரிட்டி, இதெல்லாம் அதில் வர வேண்டும். பில்டர் கூடுதல் வீடுகளை வெளியாருக்கு விற்கப் போகிறார், இடம் 500 சதுர மீட்டரைத் தாண்டுகிறது, வீடும் எட்டுக்கு மேல் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவு கட்டாயம், அந்த நம்பரைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்க அம்மா பேரில் பாலக்காடு டவுனில் ஒரு ஃப்ளாட். போன மாதம் நான் கடையில் இருந்தபோது புரோக்கர் வந்து அம்மாவிடம் 10,000 ரூபாய் டோக்கன் கொடுத்துவிட்டு, பென்சிலில் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்கிப் போய்விட்டார். பேப்பர் முழுக்க இங்கிலீஷ். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறார். என்ன செய்ய?
— ஃப்ளெக்ஸ் பிரிண்டிங் கடைக்காரர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தம்பி, இதை ஆற அமர யோசிக்க நேரமில்லை, இந்த வாரமே வேலை பாருங்கள். பத்தாயிரம்தானே என்று நினைக்காதீர்கள். 2018-ல் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு, கிரய ஒப்பந்தம் செய்துவிட்டுப் பின்வாங்கினால் நஷ்டஈடு கொடுத்துத் தப்பிப்பது முன்பைவிடக் கஷ்டம். எழுதிக்கொடு என்று கோர்ட் உத்தரவிடும் வாய்ப்புதான் அதிகம்.

உடனே ஒரு வக்கீலை வைத்து ரிஜிஸ்ட்ரேஷன் வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, படித்துக் காட்டவில்லை, இன்ன பேப்பர் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார், நகல் கொடுக்கவில்லை, பணத்தைத் திருப்பித் தரத் தயாராக இருக்கிறோம், எல்லாம் அதில் வரட்டும். பொய்யான தகவல் சொல்லி வாங்கிய சம்மதத்தை ரத்து செய்ய 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே இடம் கொடுக்கிறது. "90 சதவீதம் சம்மதித்தால் கோர்ட் வெளியேற்றிவிடும்" என்று உங்கள் அம்மாவிடமும் சொல்லியிருந்தால், மேலே ரயில்வேக்காரருக்கு எழுதியதைப் பாருங்கள், அதுவே உங்கள் கேஸ். பத்தாயிரத்தை பேங்க் வழியாக அனுப்பிவிடுங்கள், திரும்பி வந்தால் அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இரண்டாவது தவணை என்று எது வந்தாலும் தொடாதீர்கள், சத்தமில்லாமல் அக்கவுண்டில் போட்டால் அதே வழியில் திருப்புங்கள்.

அந்தக் காகிதக் கட்டில் பவர் பத்திரம் இருக்கிறதா என்பதுதான் எனக்குப் பயம். பதிவு செய்த பவர் என்றால் சப் ரிஜிஸ்தரார் ஆபீசில் தெரிந்துவிடும், அம்மா அங்கே போயிருக்காவிட்டால் பெரும்பாலும் இருக்காது. குடிக்கட சர்டிபிகேட்டும், அதாவது வில்லங்கச் சான்றும் ஒன்று போட்டுப் பார்த்துவிடுங்கள். வெறும் பவரையும் ஒப்பந்தத்தையும் வைத்து சொத்து கைமாறியதாக ஆகாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அந்த அளவில் நிம்மதி.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் மயாமியில் காண்டோ என்கிற ஃப்ளாட்டில் இருக்கிறான், சொந்தமாக வாங்கியது. அங்கேயும் ஒரு முதலீட்டு நிறுவனம் பாதிக்கு மேல் வாங்கிவிட்டு, மொத்தக் கட்டடத்தையும் கலைக்கப் போவதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதாம். அமெரிக்காவில் கூடவா இப்படி?
— விவசாயி, வாளையார்

பதில்: அங்கேதான் அதிகம் ஐயா. அமெரிக்கச் சட்டத்தில் நான் வக்கீல் இல்லை, உங்கள் மகன் அங்கே ஒருவரைப் பார்த்தே ஆக வேண்டும், ஆனால் மயாமி இருக்கிற ஃபுளோரிடா மாநில விவகாரம் ஊரறிந்தது என்பதால் சொல்கிறேன். முன்பு அங்கேயும் கட்டடத்தைக் கலைக்க, அதாவது தனித்தனி வீட்டுரிமையை முடித்துவிட, எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்றுதான் பொதுவாக இருந்தது. புயலில் சேதமான கட்டடங்களை ஓரிருவர் முடக்குகிறார்கள் என்று சொல்லி 2007-ல் அதை 80 சதவீதமாக இறக்கினார்கள். அடுத்த வருடமே வீட்டுச் சந்தை விழுந்தது, விலை போகாத ஃப்ளாட்டுகளை முதலீட்டாளர்கள் மொத்தமாக அள்ளி, மிச்சப் பேரை அதே சட்டத்தை வைத்து வெளியேற்றினார்கள். புயலுக்குப் போட்ட சட்டம் யாருக்கு உதவியது பாருங்கள். கூச்சல் எழுந்த பிறகு 2015-லும் 2017-லும் திருத்தம் வந்தது. இப்போது 80 சதவீத ஓட்டு வேண்டும், அதோடு 5 சதவீதம் பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டாலோ எழுதிக் கொடுத்தாலோ திட்டம் நின்றுவிடும், மறுபடி கொண்டுவர 24 மாதம் காத்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் ஒருவர் கையில் இருக்கும் கட்டடங்களில் தனி மதிப்பீட்டாளர் சொல்லும் சந்தை விலைக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், குடியிருக்கும் உரிமையாளர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு.

2021 ஜூனில் சர்ஃப்சைடில் ஒரு கடலோர அடுக்குமாடி சரிந்து 98 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பழைய கட்டடங்களுக்குக் கட்டாயப் பரிசோதனை, ரிப்பேருக்குத் தனி நிதி என்று விதி இறுகியது. சரியான விதிதான், ஆனால் மாதக் கட்டணம் தாறுமாறாக ஏறி, கட்ட முடியாதவர்கள் விற்கப் பார்க்கிறார்கள், வாங்குகிறவர் வாசலிலேயே நிற்கிறார். நம்ம லிஃப்ட் கதைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

உங்கள் மகனிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள், அந்தக் கட்டடத்தின் டிக்ளரேஷனை, அதாவது உரிமை விதிகளை எழுதி வைத்த ஆவணத்தை முழுக்கப் படிக்கச் சொல்லி. மயாமியிலேயே பிஸ்கேன் 21 என்ற கட்டடத்தில் ஒரு டெவலப்பர் கிட்டத்தட்ட எல்லா வீட்டையும் வாங்கிவிட்டார். டிக்ளரேஷனில் கலைக்க 100 சதவீதம் வேண்டும் என்று இருந்தது, கையில் இருந்த ஓட்டை வைத்து அதை 80 என்று திருத்திக்கொண்டு கலைக்கப் பார்த்தார். மறுத்து நின்ற சில பேர் வழக்குப் போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் இருந்த தடுக்கும் ஓட்டை அப்படித் திருத்திப் பறிக்க முடியாது, அதற்கே எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்று 2024 மார்ச்சில் அங்கத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எல்லாம் அந்த டிக்ளரேஷனில் இருந்த ஒரு வரி செய்த வேலை.

கேள்வி: ஒருவேளை விற்றால் வரி எவ்வளவு வரும்? 2003-ல் 9 லட்சத்துக்கு வாங்கியது, இப்போது 41 லட்சம் தருகிறார்கள்.
— வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு, நீங்கள் இந்தியாவில் வசிப்பவர் என்றால் இரண்டு கணக்கும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். பணவீக்கக் கழிவு இல்லாமல் 12.5 சதவீதம், அல்லது கழிவோடு 20 சதவீதம். உங்களுக்குக் கழிவு இல்லாமல் பார்த்தால் லாபம் 32 லட்சம், வரி 4 லட்சம், மேலே செஸ். 2003 வாங்கியது என்பதால் கழிவுக் கணக்கு பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாக வரும், ஆடிட்டரிடம் போட்டுப் பாருங்கள். விற்ற இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ லாபத்தில் அதற்குப் போட்ட பணத்துக்கு வரி இல்லை. வீடு உடனே அமையவில்லை என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் தேதிக்கு முன் அந்தப் பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு என்று தனியாகத் திறந்து போட்டுவிட வேண்டும், சாதாரண எஃப்.டி. போட்டால் சலுகை போய்விடும். கூட்டு உரிமையாளராக மகன் துபாயில் இருக்கிறார் என்றால் அவருக்கு வரிப் பிடித்தம் வேறு மாதிரி, வாங்குகிறவர் பத்திரப்பதிவு அன்றைக்குப் பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை நீட்டுவார். ஒப்பந்தம் போடும்போதே அதைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள்.